ஆப்பிளிடம் சரக்கு தீர்ந்துவிட்டதா?

ஒரு வாசகரின் கேள்வி, 10 செப்டம்பர் 2025

நேற்று இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஐபோன் 17 அறிமுகத்தைப் பார்த்தேன். ஆரஞ்சு நிறமும் மெலிசான ஒரு போனும் தவிர புதுசாக என்ன இருக்கிறது? ஸ்டீவ் ஜாப்ஸ் போனதோடு ஆப்பிளின் கற்பனையும் போய்விட்டது, அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கட்சி. போன் சர்வீஸ் தொழிலில் இருப்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

10 செப்டம்பர், இரவு

கடை சாத்திவிட்டு வந்து எழுதுகிறேன். வெளியே நின்று பார்த்தால் தம்பி சொல்வதில் தப்பே இல்லை. 13, 14 இரண்டையும் கவிழ்த்து வைத்தால் எனக்கே சில நொடி ஆகும், எது எதுவென்று சொல்ல. ஆனால் நான் இந்தப் போன்களைப் பார்ப்பது மூடியைக் கழற்றிய பிறகு. அங்கே கதை வேறு.

2022இல் ஐபோன் 14 வந்தபோது ஊரே சிரித்தது. 13க்குப் புதுச் சட்டை, சிப் கூட பழைய ஏ15 என்றார்கள். அந்தப் போனைத் திறந்தவர்களுக்குத்தான் தெரியும், உள்ளே மொத்த வீட்டையும் இடித்துக் கட்டியிருந்தார்கள் என்று. அதற்கு முந்தைய மாடல்களில் பின்பக்கக் கண்ணாடி உடைந்தால் பெரிய தலைவலி. சட்டத்தோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள். லேசர் மெஷினில் வைத்துப் பசையைச் சுட்டு, துண்டு துண்டாகச் சுரண்டி எடுக்க வேண்டும், புகை வேறு. 14இல் நடுவில் ஒரு சட்டம் வைத்து முன்னாலும் திறக்கலாம் பின்னாலும் திறக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். பின்கண்ணாடி ஒரு கதவு மாதிரி தனியாக வந்துவிட்டது. மேடையில் இதைப் பற்றிப் பெரிதாக மூச்சே விடவில்லை.

இன்னொன்று, ஐபோன் 16இன் பேட்டரி. அதற்கு முன்னால் பேட்டரியை எடுக்க அடியில் இருக்கும் பசை நாடாவை மெதுவாக இழுக்க வேண்டும். பாதியில் அறுந்தால் ஆல்கஹால் விட்டு, நூலை உள்ளே செலுத்தி அறுத்து எடுக்க வேண்டும். பேட்டரி வளைந்தால் தீப்பிடிக்கும் பயம் வேறு. 16இல் என்ன செய்தார்கள் தெரியுமா? சாதாரண 9 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, ஒரு கிளிப்பை போன் பேட்டரி ஓரத்துத் தகட்டிலும் இன்னொன்றைச் சட்டத்திலும் மாட்டினால், ஒன்றரை நிமிடத்தில் பசை தானாக விட்டுவிடும். மின்சாரம் பாய்ந்தால் பிடியை விடும் பசை! முதல் தடவை பார்த்தபோது கடைப் பையனும் நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

ஆக, சரக்கு தீரவில்லை. அது இருக்கும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

11 செப்டம்பர்

"பசையைப் பார்த்து யார் ஐபோன் 17க்கு 82,900 ரூபாய் கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

யாரும் கொடுக்க மாட்டார்கள். நியாயமான கேள்வி.

12 செப்டம்பர்

ஜாப்ஸ் காலத்தில் எல்லாம் தேனாக ஓடியது போலப் பேசுகிறார்கள். அந்தக் காலத்தில் நான் நோக்கியா போர்டுகளில் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது.

2007இல் முதல் ஐபோனில் 3ஜி கிடையாது. 2 மெகாபிக்சல் கேமரா, வீடியோ எடுக்காது. காப்பி-பேஸ்ட் 2009இல்தான் வந்தது. அதே 2007இல் நோக்கியா என்95இல் 5 மெகாபிக்சல், ஜிபிஎஸ், 3ஜி எல்லாம் இருந்தன. 2008 ஆகஸ்டில் இந்தியாவுக்கு ஐபோன் 3ஜி வந்தபோது 8 ஜிபி மாடல் 31,000 ரூபாய். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் அன்றைக்கு அதைப் பற்றிப் பேசியவர்கள் பாதிப் பேர் கிண்டல்தான் செய்தார்கள். புளூடூத்தில் பாட்டு அனுப்ப முடியாத போனுக்கு இவ்வளவு காசா என்று.

அப்புறம் அந்தக் காலத்துச் சறுக்கல்களையும் பாருங்கள். 2000இல் வந்த ஜி4 கியூப் கம்ப்யூட்டர் ஒரே வருடத்தில் நின்றுபோனது. 2008இல் மொபைல்மீ என்ற இணையச் சேவை சொதப்பல். 2010இல் பிங் என்று பாட்டுக்காக ஒரு சமூக வலைத்தளம், யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அதே வருடம் ஐபோன் 4ஐ ஒரு பக்கமாகப் பிடித்தால் சிக்னல் போகும் விவகாரம்.

"சொந்தமாகக் கண்டுபிடித்தார்கள்" என்பதும் முழுக்கச் சரியில்லை. விரல்களால் தொட்டு இயக்கும் நுட்பத்துக்கு ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற சின்ன நிறுவனத்தை 2005இல் வாங்கினார்கள். பாட்டுக் கேட்கும் கருவியான முதல் ஐபாடின் உயிர் டோஷிபா செய்த 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க். பேசினால் பதில் சொல்லும் சிரியும் வாங்கியதுதான், 2010இல். ஆப்பிள் எப்போதுமே முதலில் வந்த கம்பெனி இல்லை. அடுத்தவன் அரைகுறையாக விட்டதை எடுத்து ஒழுங்காக முடித்துக் கொடுத்த கம்பெனி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, என் பிழைப்பும் அதுதான்.

13 செப்டம்பர்

சிரிக்க ஒன்று. 2013இல் மேக் ப்ரோ கம்ப்யூட்டர் அறிமுக மேடையில் ஆப்பிளின் மார்க்கெட்டிங் தலைவராக இருந்த ஃபில் ஷில்லர், எங்களால் இனி புதுசாகச் செய்ய முடியாதாமே என்று ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்துச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். கறுப்புக் குப்பைத்தொட்டி மாதிரி இருக்கும், அந்த மெஷின்தான். அதன் உருளை வடிவத்தில் பெரிய கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டை வெளியேற்ற வழியில்லை. 2017இல் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்த வடிவத்தில் நாங்களே மாட்டிக்கொண்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். 2019இல் பழையபடி பெட்டி வடிவத்துக்கே திரும்பினார்கள்.

16 செப்டம்பர்

மூன்று நாளாக இதையே அசைபோட்டுக்கொண்டிருந்ததில், ஜாப்ஸுக்குப் பிறகு தலைமைக்கு வந்த டிம் குக் காலத்தின் பெரிய சாதனையை இன்னும் யாரும் எழுதவில்லையே என்று தோன்றியது. மேக்குக்காக ஆப்பிளே செய்த எம்1 சிப்.

2008இல் பி.ஏ. செமி என்ற சிப் கம்பெனியை 27.8 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2010இல் சொந்த சிப் ஏ4. 2013இல் ஐபோன் 5எஸ்ஸில் ஏ7, கம்ப்யூட்டரில் இருப்பது போல, போனில் வந்த முதல் 64 பிட் சிப். அப்போது, போனுக்கு எதற்கு 64 பிட் என்று கேட்டவர்கள் உண்டு. பதில் 2020 நவம்பரில் வந்தது. இன்டெலைக் கழற்றிவிட்டு மேக்கில் சொந்த சிப்.

என் மகள் படிப்புக்கு எம்1 சிப் போட்ட ஒரு மேக்புக் ஏர் லேப்டாப் வாங்கினோம். ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் கழற்றிப் பார்த்தேன். லேப்டாப் என்றால் ஃபேன், செம்புக் குழாய், பின்பக்கம் தூசு அடைத்த ஜாலி என்றுதான் என் கைக்குப் பழக்கம். இதில் சிப்புக்கு மேல் ஒரு அலுமினியத் தகடு, அவ்வளவுதான். ஃபேனே கிடையாது. சென்னை சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், மடியில் வைத்து நாள் முழுக்க வேலை செய்தாள். சூடு ஏறவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் முந்தைய லேப்டாப் மாதிரி தொடையைச் சுடவில்லை, சார்ஜரைத் தேடி ஓடவும் இல்லை.

இது மேடையில் கைதட்டி முடியும் விஷயமில்லை. 12 வருடம் பொறுமையாகக் காசு போட்டு வளர்த்தது. வாங்கியது ஜாப்ஸ் காலத்தில், அறுவடை குக் காலத்தில். அதனால் ஆளைப் பிரித்து அவர் மேதை, இவர் கணக்குப்பிள்ளை என்று பேசுவது எனக்கு ஒட்டவில்லை.

போனை நெட்வொர்க்கோடு இணைக்கும் சிப்பான மோடமும் இதே பாணிதான். இன்டெலின் மோடம் பிரிவை 2019இல் 100 கோடி டாலருக்கு வாங்கி, சொந்த மோடம் சி1 ஐபோன் 16e மாடலில் வந்தது 2025 பிப்ரவரியில். குவால்காம் கம்பெனியிடம் அந்த சிப் வாங்கும் காசு மிச்சம். உங்களுக்கு என்ன வித்தியாசம் தெரிந்தது? ஒன்றும் தெரிந்திருக்காது.

16 செப்டம்பர், சற்றுக் கழித்து

மேக்கைப் புகழ்ந்துவிட்டேன், மறு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மேக்புக் லேப்டாப்பில் 2015இல் ஆரம்பித்த பட்டர்ஃபிளை கீபோர்டு. ஒரு தூசு விழுந்தால் ஒரு எழுத்து போச்சு. 2018இல் இலவசமாக மாற்றித் தரத் திட்டமே அறிவிக்க வேண்டியிருந்தது. எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு துளை, காந்த சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு 2021இல் திருப்பிக் கொடுத்தார்கள். பிடுங்கியதைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கைதட்டல் வாங்கத் தெரிந்த கம்பெனி இது ஒன்றுதான்.

20 செப்டம்பர்

தம்பியின் கேள்விக்கு என் உண்மையான பதில் இப்போதுதான் பிடிபடுகிறது.

2004இல் ஐபாட் மினி வந்தது. சக்கைப்போடு போட்டது. 2005 செப்டம்பரில், அது உச்சத்தில் விற்றுக்கொண்டிருக்கும்போதே, அதை நிறுத்திவிட்டு ஐபாட் நேனோவைக் கொண்டுவந்தார்கள். வேறு எந்த முதலாளியாவது ஓடுகிற குதிரையை நிறுத்துவாரா? இரண்டே வருடத்தில் ஐபோன். அது மொத்த ஐபாட் வியாபாரத்துக்கும் குழி தோண்டும் என்று அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தே தோண்டினார்கள். அடுத்தவன் நம் பொருளைச் சாகடிப்பதற்குள் நாமே சாகடித்துவிட வேண்டும் என்ற துணிச்சல் அது.

இப்போது ஐபேடைப் பாருங்கள். 2024 மே மாதம் எம்4 சிப் முதலில் வந்தது எதில்? மேக்கில் இல்லை, ஐபேட் ப்ரோவில். அன்றைய தேதிக்கு ஆப்பிளின் புத்தம்புது சிப். அதை வைத்துக்கொண்டு மேக் சாஃப்ட்வேர் ஓடுமா என்றால் ஓடாது. ஜன்னல்களை இஷ்டப்படி இழுத்து மாற்றுவதற்கே 2025 செப்டம்பரில் வந்த ஐபேட் சாஃப்ட்வேர் ஐபேட்ஓஎஸ் 26 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் ஐபேட் வந்து 15 வருடம் ஆகிறது. சிப்பால் முடியாத வேலையில்லை. ஐபேடில் மேக் ஓடினால் மேக் விற்குமா? ஒரே ஆளிடம் இரண்டையும் விற்க வேண்டும் என்ற கணக்கு அங்கே உட்கார்ந்திருக்கிறது.

கண்டுபிடிக்கும் திறமை அப்படியே இருக்கிறது, தன் பொருளைத் தானே கொல்லும் துணிச்சல்தான் போய்விட்டது என்கிறேன் நான். வாட்ச், ஏர்பாட்ஸ் எல்லாம் ஐபோனுக்குப் பக்கத்தில் பவ்வியமாக உட்காரும் பொருட்கள். தலையில் மாட்டிக்கொள்ளும் 3,499 டாலர் விஷன் ப்ரோவால் யாருக்கும் ஆபத்தில்லை. டைட்டன் என்று பத்து வருடம் பேசப்பட்ட காரை 2024 பிப்ரவரியில் மூட்டை கட்டினார்கள்.

21 செப்டம்பர்

"ஐபோன் வருமானத்தில் பாதி. அதை எவன் கொல்லுவான்?"

அதுதான். ஐபாட் வியாபாரத்தைக் கொன்றபோது இழக்க இருந்தது இன்றைய தொகையோடு ஒப்பிட்டால் கொஞ்சம். இப்போது 2024 நிதியாண்டின் மொத்த வருமானம் சுமார் 39,100 கோடி டாலர், அதில் ஐபோன் மட்டும் 20,000 கோடிக்கு மேல். அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தாலும் கை நடுங்கும்.

25 செப்டம்பர்

ஆராய்ச்சிக்குச் செலவே செய்யவில்லை என்று ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். தப்பு. 2015இல் சுமார் 800 கோடி டாலர், 2024இல் 3,100 கோடிக்கு மேல். ஏறிக்கொண்டேதான் போகிறது. ஆனால் அதே 2024இல் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கச் செலவிட்டது 9,500 கோடி அளவில். ஆராய்ச்சியைப் போல மூன்று மடங்கு. இன்னொரு பக்கம், கூகுள் தேடலை சஃபாரியில் முதலிடத்தில் வைத்ததற்கு 2022இல் கூகுள் கொடுத்தது 2,000 கோடி டாலர் என்று அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. ஒரு தேடல் பெட்டிக்கு வாடகை இவ்வளவு வரும்போது, சொந்தமாகத் தேடல் செய்வோம் என்று யாருக்குத் தோன்றும்?

28 செப்டம்பர்

சிரி பற்றிக் கேட்டவருக்கு. இங்கே நான் ஆப்பிளுக்காகப் பேச வரவில்லை.

2011 அக்டோபர் 4 அன்று ஐபோன் 4எஸ்ஸோடு சிரி அறிமுகம். மறுநாள் ஜாப்ஸ் இறந்தார். அன்றைக்கு உலகத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கைபேசியில் தயாராக இல்லை. 13 வருடம் முன்னால் ஓட ஆரம்பித்தவர்கள், 2024 ஜூனில் புதிய சிரியைப் பற்றி மேடையில் காட்டி, ஐபோன் 16 விளம்பரத்திலும் போட்டு, 2025 மார்ச்சில் தாமதமாகும் என்று சொல்லி விளம்பரத்தை எடுத்துக்கொண்டார்கள். பொருள் தயாராகும் முன்னால் மேடை ஏறாத கம்பெனி என்று பெயர் வாங்கியிருந்தார்கள். 2017இல் ஏர்பவர் சார்ஜரை அறிவித்து 2019இல் கைவிட்டபோதே அந்தப் பெயரில் கீறல் விழுந்தது. இது கீறல் இல்லை, டிஸ்ப்ளே முழுக்க விரிசல்.

3 அக்டோபர்

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். ஏர்பாட்ஸை நான் அலட்சியமாகப் பேசிவிட்டேனாம். சரி, இதைக் கேளுங்கள்.

2024 செப்டம்பரில் ஏர்பாட்ஸ் ப்ரோ 2ஐக் காது கேட்கும் கருவியாகப் பயன்படுத்த அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. வெறும் சாஃப்ட்வேர் மாற்றம்தான். நல்ல ஹியரிங் எய்டு என்ன விலை என்று வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் அப்போது இந்தியாவில் அந்த வசதி திறக்கவில்லை. பெங்களூரில் சில இளைஞர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஒருவரின் பாட்டிக்காக, அலுமினியத் தாள் சுற்றிய பெட்டி, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் வைத்து வெளிச் சிக்னலை மறைத்து, கலிஃபோர்னியாவில் இருக்கும் வைஃபை பெயர்களைப் போலியாக ஒலிபரப்பி, கருவி அமெரிக்காவில் இருப்பதாக நம்ப வைத்துவிட்டார்கள். பாட்டிக்குக் காது கேட்டது.

ஆப்பிள் செய்தது பெரிய வேலைதான். ஆனால் அந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர்கள் மைக்ரோவேவ் பையன்கள்.

8 அக்டோபர்

இன்னொரு வகைப் புதுமை இருக்கிறது, அதை மேடையில் சொல்ல மாட்டார்கள். உதிரி பாகங்களுக்குப் பூட்டு.

2021இல் ஐபோன் 13 வந்தபோது, டிஸ்ப்ளேயை வெளியில் மாற்றினால், முகத்தைப் பார்த்து போனைத் திறக்கும் ஃபேஸ் ஐடி வேலை செய்யாது. ஒரிஜினல் டிஸ்ப்ளேயை இன்னொரு 13இலிருந்து கழற்றிப் போட்டாலும் அதே கதைதான். பழைய டிஸ்ப்ளேயின் பின்னால் அரிசியைவிடச் சின்னதாக ஒரு சிப் இருக்கும். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து, ஹாட் ஏரில் அதைத் தூக்கிப் புதிய டிஸ்ப்ளேயில் உட்கார வைத்தால்தான் ஃபேஸ் ஐடி வரும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்யும் வேலை. கண்டனம் கிளம்பியதும் ஒரு அப்டேட்டில் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். 2024இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் இப்படிப் பாகங்களைப் பூட்டுவதற்கு எதிராகச் சட்டமே போட்டது. அதே வருடம் ஐஓஎஸ் 18இல், பழைய போனிலிருந்து எடுத்த ஒரிஜினல் பாகத்தைப் பதிவு செய்துகொள்ள வழி விட்டார்கள். திருட்டுப் போன் பாகங்கள் விற்பதைத் தடுக்கிறோம் என்பது அவர்கள் தரப்பு. அதிலும் உண்மை இருக்கிறது, திருட்டுப் போனை "போர்டு மட்டும் எடுத்துக்கோங்க" என்று கொண்டுவருபவனை நானே விரட்டியிருக்கிறேன்.

முதல் நாள் நான் புகழ்ந்த பசையையும் இந்தப் பூட்டையும் செய்தது ஒரே கம்பெனிதான். பசை எனக்கு வேலையைச் சுலபமாக்கியது, பூட்டு கஷ்டமாக்கியது. இரண்டும் புதுமைதான், என்ன செய்வது.

9 அக்டோபர்

"ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்கிறார்களே, அது புதுமை இல்லையா?"

அது குக்கின் கைவண்ணம். 2019இல் அங்கே ஐபோன் எக்ஸ்ஆர் செய்ய ஆரம்பித்தார்கள், 2022இல் ஐபோன் 14ஐ அறிமுகமான சில வாரங்களிலேயே செய்தார்கள். அந்த ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் கடைக்கு ஆண்ட்ராய்டு போனைத்தான் கொண்டுவருகிறார்கள்.

12 அக்டோபர்

சீனா போன்களைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முடியாது. 15,000 ரூபாய் ஆண்ட்ராய்டில், படம் நொடிக்கு 120 தடவை புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரை வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. ஆப்பிளின் சாதாரண மாடலுக்கு அது 2025இல்தான் வந்தது. அது முடியாமல் இல்லை, ப்ரோ மாடலை விற்பதற்காகப் பிடித்து வைத்திருந்தார்கள். இதுவும் செப்டம்பர் 20ஆம் தேதி நான் எழுதிய நோய்தான்.

பேட்டரியில் இடைவெளி இன்னும் பெரிது. சிலிக்கான்-கார்பன் பேட்டரியில் 6000, 7000 எம்ஏஎச் எல்லாம் போடுகிறார்கள். கையில் எடுத்தால் பழைய 5000 பேட்டரி கனம்தான் இருக்கிறது. நாள்பட்டால் அது எப்படி உப்பும், எத்தனை வருடம் தாங்கும் என்பதை என் மேஜைக்கு வந்த பிறகு சொல்கிறேன். இப்போதே தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு என்னிடம் அவை பழுதாகி வரவில்லை. மடக்கும் போன் சாம்சங்கிடம் 2019இலிருந்து இருக்கிறது, ஹுவாவே மூன்றாக மடக்கியே காட்டிவிட்டது. இந்த 2025 அக்டோபர் வரை ஆப்பிள் ஒன்றும் விற்கவில்லை. இதில் நான் அவசரப்பட மாட்டேன். கீல் பழுதாகி வரும் போன்களைப் பார்த்தவன் நான்.

19 அக்டோபர்

நாளை தீபாவளி, கடையில் கூட்டம், சுருக்கமாக.

முதலில் கேள்வி கேட்ட தம்பியே வந்து, "அண்ணே, நான் 13 வைத்திருக்கிறேன். 17 வாங்கலாமா, அந்த மெலிசான ஐபோன் ஏர் வாங்கலாமா?" என்கிறார். கற்பனை செத்துப்போன கம்பெனியிடமா என்று கேட்க வாய் வந்தது, பண்டிகை நாள் என்று விட்டுவிட்டேன்.

ஏர் 5.6 மில்லிமீட்டர். போர்டு, கேமரா எல்லாவற்றையும் மேலே இருக்கும் மேட்டுக்குள் திணித்துவிட்டு மீதி இடத்தைப் பேட்டரிக்கு விட்டிருக்கிறார்கள். தொழில்காரனாகப் பார்த்தால் இந்த வருடம் கைதட்ட வேண்டியது அதற்குத்தான். ஆனால் பின்பக்கம் ஒரே கேமரா, சிம் போட இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் மட்டும். நீங்கள் அடிக்கடி சிம்மை மாற்றுபவர் என்றால் வேண்டாம். 17 நல்ல போன், 120 ஹெர்ட்ஸ் திரையும் வந்துவிட்டது, ஆரம்பமே 256 ஜிபி.

உங்கள் 13இல் செட்டிங்ஸ் போய் பேட்டரி ஹெல்த் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 80க்குக் கீழே என்றால் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம். வெள்ளிக்கிழமை முதல் கடை திறந்திருக்கும்.